மரவாழைக்கு மண் கேட்டு ஒரு தந்தி

வெள்ளைக்காரன் ஆட்சிக் காலத்தில், மன்னார்த் தீவில் ஒரு சின்ன ரயில் ஸ்டேஷனில் நான் பார்சல் கிளாக்கராக இருந்தேன். இந்தியாவிலிருந்து கப்பலில் வருகிறவர்கள் தலைமன்னார்த் துறையில் இறங்கி ரயில் ஏறி எங்கள் ஸ்டேஷன் வழியாகக் கொழும்புக்குப் போவார்கள். வழியாகத்தான் போவார்கள், யாரும் இறங்க மாட்டார்கள். இறங்கிப் பார்ப்பதற்கு அங்கே மணல், கழுதைகள், அதற்கப்புறம் உத்தியோகத்தர் என்று நாங்கள் மூன்று பேர், அவ்வளவுதான் இருந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்தவர். மெலிந்த, நெட்டையான மனிதர். ரயில்வே ரூல் புத்தகத்தை முதற்பக்கத்திலிருந்து கடைசிப்பக்கம் வரை மனப்பாடம் செய்திருந்தார். தும்மல் வந்தால்கூட அதற்கு ரூல் இருக்கிறதா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் தும்முவார் என்று பொயின்ஸ்மன் நானா சொல்லுவார். இந்த நானா சிலாவத்துறைப் பக்கத்து முஸ்லிம் மனிதர். தண்டவாளத்தை மாற்றிவிடுவதும் கைகாட்டியை இறக்குவதும் அவருடைய வேலை. ஒரு நாளைக்கு நாலு ரயில். மற்ற நேரமெல்லாம் கதைதான். மூன்றாவது ஆள் நான். பேசாலையில் மீன்பிடிக் குடும்பம். கடலுக்குப் போனால் எனக்குத் தலைசுற்றிச் சத்தி வரும் என்பதால் அம்மா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி, என்னைத் தரையிலேயே ஓர் உத்தியோகத்தில் வைத்திருக்கும்படி மாதாவிடம் கேட்டிருந்தா. மாதா கொஞ்சம் அதிகமாகவே கேட்டுவிட்டா போல; சுற்றிவர மணல்தவிர ஒன்றுமில்லாத இடமாகப் பார்த்து வைத்தா.

ஒரு மார்கழி மாதக் காலையில், மழை ஊற்றிக்கொண்டிருந்தபோது, துறையிலிருந்து வந்த ரயிலில் ஒரு பிரப்பங்கூடை இறங்கியது. மூடி கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு காகிதச் சீட்டு. மழையில் பெயர் முழுவதும் கரைந்து ஊதாத் தண்ணீராக ஓடிப்போயிருந்தது. 'ஸ்டேஷனில் வந்து எடுத்துக்கொள்வார்' என்ற வரி தப்பியிருந்தது. அதன் கீழே ஆங்கிலத்தில் 'உயிருள்ளது' என்று இருந்தது. அதற்கும் கீழே கொட்டை எழுத்தில் 'டூ நொட்' என்று தொடங்கி, மிச்சம் கிழிந்துபோயிருந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் அந்தச் சீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து முன்னும் பின்னும் திருப்பினார்.

"டூ நொட்... என்ன செய்யக்கூடாது, ஐசே?"

"தெரியேல்லை, சேர். கிழிஞ்சு கிடக்கு."

"ஏதோ ஒண்டைச் செய்யக்கூடாது. அது மட்டும் நிச்சயம்."

இங்கிலீசில் இதுதான் கரைச்சல். முதலில் 'கூடாது' என்று மிரட்டிவிட்டு, எது கூடாது என்பதைப் பின்னால் சொல்லுகிற பாஷை அது. ஆனால் தமிழில் எழுதியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். 'இப்படிச் செய்ய' என்பது மிஞ்சி, 'வேண்டாம்' கிழிந்துபோயிருக்கும். நாங்களும் பவ்வியமாக அதையே செய்திருப்போம்.

உயிருள்ள பார்சல் வந்தால் திறந்து பார்க்க வேண்டும் என்று ரூல் இருந்தது. நானா இரண்டடி பின்னால் நின்றுகொண்டார். பாம்பாக இருந்தால் அவருக்கு அதைப் பார்க்கும் ஆசை இல்லை. நான் மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு செடி. தடித்த, நீளமான இலைகள் இரண்டு பக்கமும் அடுக்காக, நடுவில் வகிடெடுத்தமாதிரி. கீழே வெள்ளை வெள்ளையாக, விரல் மொத்தத்தில் வேர்கள், கூடையிலிருந்து தப்பி ஓடப்பார்க்கும் கணவாய் போல எல்லாப் பக்கமும் நீண்டு கிடந்தன. ஒரு பிடி மண்கூட இல்லை.

"மண்ணைக் களவெடுத்துப்போட்டாங்கள்!" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

அன்றைக்கே துறைக்குத் தந்தி போனது. தந்தியடித்தவன் நான்தான். 'கூடையில் இருந்த மண் எங்கே?' பதில் வந்தது: 'எந்த மண்?' நாங்கள்: 'செடியோடு வந்த மண்.' துறையில் இருந்த கிளாக்கர் சேட்டைக்காரன். அவனுடைய கடைசிப் பதில் இப்படி வந்தது: 'தீவு முழுவதும் மண்தான். எவ்வளவு வேண்டும்?'

அந்தத் தந்தியை ஸ்டேஷன் மாஸ்டர் கோப்பில் போட்டுப் பூட்டினார். பிறகு ரூல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எடுத்துச்செல்ல ஆள் வராத உயிருள்ள பார்சலுக்கு ஒரு பதிவேடு உண்டு. நாய், ஆடு, கோழி வந்தால் எழுதுவது. செடிக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. ஆகவே எங்கள் செடியும் நாயின் பதிவேட்டிலேயே ஏறியது. 'தண்ணீர் கொடுத்தது', 'உணவு கொடுத்தது', 'உலாத்தக் கூட்டிச்சென்றது', 'குணம்' என்று நாலு பத்தி.

"சேர், உலாத்துறதெண்டா..." என்று நான் இழுத்தேன்.

"பத்தி இருக்கு ஐசே. வெறுமனே விட ஏலாது."

அப்படியாகத்தான் நான் இருபத்துமூன்று வயதில், வெள்ளைக் கால்சட்டையும் கோட்டும் போட்டுக்கொண்டு, ஒரு செடியை இரண்டு கையிலும் ஏந்தி, காலையும் மாலையும் பிளாட்போமின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தேன். நானா கைகாட்டிக்குக் கீழே இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்ன தம்பி, பிள்ளை இன்னும் நித்திரை கொள்ளேல்லையோ?"

'குணம்' என்ற பத்தியில் ஸ்டேஷன் மாஸ்டர் ஒவ்வொரு நாளும் 'அமைதி' என்று எழுதினார்.

மண் இல்லாமல் செடி எப்படி உயிர் வாழும் என்ற கவலை மூன்று பேருக்கும் இருந்தது. தீவு மணலில் நட்டால் ஒன்றும் வராது. கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் வயல் மண்ணைப் போல நல்ல மண் கிடையாது என்று நானா சொன்னார். அவருடைய மச்சானுக்கு அங்கே வயல் இருந்தது. ரயில் டிறைவரின் தயவில் ஒரு சாக்கு நிறையக் கறுத்தச் சேறு வந்து இறங்கியது. ஒரு மண்சட்டியில் செடியை நட்டு, அந்தக் கணவாய் வேர்களை எல்லாம் மடக்கி உள்ளே திணித்து, மேலே சேற்றை அப்பி, ஒரு வாளி தண்ணீரை ஊற்றினோம். ஊற்றி முடித்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் கிழிந்த சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"இதுதானோ, ஐசே, செய்யக்கூடாதெண்டு போட்டிருந்தது?"

"இருக்காது, சேர். தண்ணி ஊத்தாதே எண்டு ஆர் எழுதுவினம்?"

மூன்று கிழமையில் கீழ் இலைகள் மஞ்சளித்தன. சட்டியைத் தூக்கினால் கருவாட்டுக் கடையை மழையில் விட்டதுபோல ஒரு மணம். நாங்கள் இன்னும் தண்ணீர் ஊற்றினோம். இன்னும் மஞ்சளித்தது. நானா மச்சானிடம் சொல்லி ஆட்டெருவும் எடுப்பித்தார். 'உணவு கொடுத்தது' என்ற பத்தியில் அது ஏறியது. 'குணம்' பத்தியில் ஸ்டேஷன் மாஸ்டர் முதன்முறையாக 'சோர்வு' என்று எழுதினார். எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

அந்த நாட்களில்தான் அவருடைய மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தா. முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போயிருந்தவ. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குவாட்டர்ஸிலிருந்து நடந்து வந்து, நாங்கள் மூன்று பேரும் சட்டியைச் சுற்றிக் குந்தியிருப்பதைப் பார்த்தா.

"இஞ்சேருங்கோ, இதென்ன நாத்தம்?"

"செடி. ரயில்வேயின்ர பொறுப்பில இருக்கு."

"செடியோ? பிரேதமெல்லே. ஆர் இதைச் சேத்துக்குள்ள புதைச்சது?"

அக்கா (நான் அவவை அப்படித்தான் கூப்பிடுவேன்) குழந்தையை என் கையில் தந்துவிட்டு, சட்டியைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினா. சேறு முழுவதும் பிளாட்போமில் விழுந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். வேர்களைத் தண்ணீரில் அலசியபோது பாதி கூழாக வழிந்தது. மிச்சப் பாதி உறுதியாக இருந்தது. அந்த உறுதியான வேர், நனைந்ததும் வெள்ளை மாறிப் பச்சையானதை அக்காதான் முதலில் கவனித்தா.

"பாருங்கோ, தண்ணி பட்டா உடனே குடிக்குது. குடிச்சு முடிஞ்சா வெளுக்குது. இது மூச்சும் வேராலதான் விடுது போல. நீங்கள் மூக்கைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு வாய்க்குள்ள சோறு திணிச்சிருக்கிறீங்கள்."

"ரூலில..." என்று தொடங்கினார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"இது செத்தா உங்கட ரூலில எந்தப் பெட்டியில எழுதுவீங்கள்?"

"கடைசிப் பக்கத்தில 'இறந்தது' எண்டு ஒரு பத்தி இருக்கு."

"அதை எழுதாமல் இருக்கிறதுக்குத்தான் சொல்லுறன், கத்தியை எடுத்தாங்கோ."

அழுகிய வேரை அக்கா வெட்டிக் கழித்தா. வெட்டுவாயில் கரித்தூளையும் மஞ்சளையும் குழைத்துத் தடவினா. இரண்டு நாள் நிழலில், ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் காட்டாமல் தலைகீழாகத் தூக்கிவைத்தா. அந்த இரண்டு நாளும் பதிவேட்டில் 'தண்ணீர் கொடுத்தது' வெறுமையாகக் கிடந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் சாப்பாட்டைச் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. பிளாட்போமின் கிழக்கு முனையில் என்ஜினுக்குத் தண்ணீர் ஏற்றும் இரும்புத் தாங்கி ஒன்று இருந்தது. அது எப்போதும் ஒழுகும். காலை ரயில் தண்ணீர் எடுக்கும்போது சுற்றிவரப் பூமழைபோலத் தெறிக்கும். தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு வேம்பு. அதன் சொரசொரத்த பட்டையில் செடியை அணைத்துப் பிடித்து, "இதில கட்டுவம். காலையில நனையும், பத்து மணிக்குக் காயும். காத்துக்கும் குறைவில்லை" என்றா அக்கா. மன்னாரில் காற்றுக்குக் குறைவென்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

கட்டுவதற்குத் துணி தேடினோம். நானா ஒரு பழைய கொடியைக் கிழித்துத் தந்தார். பச்சைக் கொடி.

மறுநாள் காலை, ரயில் வந்து தண்ணீர் எடுத்து முடிந்தது. கார்ட் ஐயா இறங்கி எங்கள் அறையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் இன்னும் கொடியைக் கையில் எடுக்கவேயில்லை. வேம்பில் கட்டியிருந்த துணியின் வால் வாடைக் காற்றில் விரிந்து படபடத்தது. டிறைவர் தலையை நீட்டிப் பார்த்தார், பச்சை. ஊதலை அமுக்கினார், போய்விட்டார்.

கார்ட் ஐயா கோப்பையோடு தண்டவாளத்தில் ஓடியதை நான் என் கண்ணால் கண்டேன். ஓடும்போதும் அவர் ஒரு துளி தேத்தண்ணீரைச் சிந்தவில்லை. நானா டிரொலியை எடுத்துக்கொண்டு, அவரை ஏற்றி, தள்ளித் தள்ளி அடுத்த ஸ்டேஷன்வரை கொண்டுபோய் விட்டுவந்தார். திரும்பி வந்தவர் சொன்ன ஒரே வார்த்தை: "நல்லகாலம் சேர். சிவப்பைக் கிழிச்சிருந்தா கோச்சி இன்னும் இஞ்சதான் நிண்டிருக்கும்."

பச்சைத் துணி கழற்றப்பட்டது. தும்புக்கயிற்றால், தேங்காய் மட்டைத் துண்டொன்றை வேருக்கும் மரத்துக்கும் நடுவில் வைத்து, அக்கா இறுக்கமாகக் கட்டினா. "ஆடினா வேர் பிடிக்காது" என்று சொல்லி, கட்டியபின் ஒருதரம் இழுத்தும் பார்த்தா.

இதற்கப்புறம் எங்களுக்கு இருந்த ஒரே எதிரி கழுதைகள். மன்னாரில் கழுதைக்கு எல்லை கிடையாது. பள்ளிக்கூடம், சந்தை, கந்தோர் எங்கும் வரும். ஒரு மத்தியானம் நான் போய்ப் பார்த்தபோது, ஒரு கழுதை வேம்பில் முன்னங்காலை ஊன்றி நின்று, நாங்கள் செடியின் கழுத்தில் பத்திரமாகக் கட்டிவைத்திருந்த அந்தக் காகிதச் சீட்டை மென்றுகொண்டிருந்தது. இலையில் ஒரு நுனி மட்டும் போயிருந்தது. சீட்டு முழுவதும் போயிற்று. 'டூ நொட்' என்ற கட்டளையை முழுவதுமாக உட்கொண்ட ஒரே பிராணி அதுதான். அதற்குப் பிறகும் அது எல்லாவற்றையும் செய்துகொண்டுதான் திரிந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு பலகை எழுதி, கழுதையின் கண் உயரத்துக்கு அடித்தார். 'கழுதைகள் உட்பிரவேசிக்கலாகாது.' தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீசிலும்.

நானா நின்று வாசித்தார். "சேர், இதுகள் மன்னார்க் கழுதையள். தமிழ் மட்டும்தான் தெரியும். மற்ற ரெண்டையும் அழிச்சாப் பலகை மிச்சம்."

கடைசியில் மரத்தைச் சுற்றி உடைமுள்ளைக் கட்டியதும்தான் கழுதைகளுக்குச் செய்தி விளங்கியது.

பங்குனி, சித்திரை வெயிலில் செடி என்ன ஆகுமோ என்று பயந்தேன். ஒன்றும் ஆகவில்லை. வேப்பிலை நிழல் சல்லடைபோல அதன்மேல் விழுந்தது. காலையில் தாங்கித் தண்ணீர். புதிதாக வந்த வேர்கள், நுனியில் பச்சை மூக்கோடு, மரப்பட்டையைத் தடவித் தடவிப் போய் ஒட்டிக்கொண்டன. இனி இழுத்தாலும் வராது. உலாத்தக் கொண்டுபோக முடியாது என்பதால் ஸ்டேஷன் மாஸ்டர் அந்தப் பத்தியில் 'மறுக்கிறது' என்று எழுதினார்.

ஆனியில், சோளகக் காற்று மணலை வாரி எறிந்துகொண்டிருந்த நாட்களில், இலைக்கக்கத்தில் ஒரு குச்சி நீட்டியது. அது வேரா, பூவா என்று எங்களுக்குள் இரண்டு கட்சி. நானா வேர்க் கட்சி. நான் பூக் கட்சி. ஸ்டேஷன் மாஸ்டர் எழுத்தில் வரும்வரை எந்தக் கட்சியிலும் சேர மறுத்தார். அக்கா ஒருநாள் குழந்தையைத் தூக்கிக் காட்டி, "பார், மாமாமார் ரெண்டுபேரும் ஒரு குச்சிக்காகச் சண்டை பிடிக்கினம்" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

பூத்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஏழு பூ. வெளிப்பக்கம் வெள்ளை. உள்ளே பச்சை மஞ்சளில் கபில நிறக் கட்டம் கட்டமாக, நானா உடுத்துகிற அசல் பளையாகட் சாரத்தைக் கத்தரித்துத் தைத்ததுபோல. நடுவில் உதடு மட்டும் நீலமும் ஊதாவும் கலந்து. வாசமோ, நத்தார்ப் பண்டிகைக் கேக்குக்குப் பிளம்ஸ் ஊறப்போடுவார்களே, அது. காலை ஒன்பது மணிக்கு வெயில் ஏற ஏற பிளாட்போம் முழுவதும் பரவியது. கரிப்புகை மணத்தையே அமுக்கிவிட்டது.

நானா பூவுக்குக் கிட்ட மூக்கை வைத்து இழுத்துவிட்டு, "மாஷா அல்லாஹ்" என்றார். பிறகு என்னிடம், "ஆனா நான் வேரெண்டு சொன்னதில ஒரு நியாயம் இருந்தது" என்றார்.

அது மடு மாதா கோயில் திருவிழாக் காலம். காலை ரயில் நிறைய மடுவுக்குப் போகும் சனம். ரயில் தண்ணீருக்கு நின்றதும் வாசம் பெட்டிக்குள் போயிற்று. முதலில் இரண்டு பெண்கள் இறங்கினார்கள். பிறகு ஒரு பெட்டி. பிறகு எல்லோரும். "மாதாவின்ர சீலை நிறம்!" என்று ஒரு அம்மா அந்த நீல உதட்டைக் காட்டிச் சொன்னதும், ஒரு கூட்டம் அங்கேயே செபமாலையை எடுத்துவிட்டது. அதிலே என் பெரியம்மாவும் இருந்தா. செபம் நடக்கும்போது ரயிலை விட ஸ்டேஷன் மாஸ்டருக்கு மனமில்லை. நிறுத்திவைக்கவும் ரூல் இல்லை. கொடியைத் தூக்குவதும் இறக்குவதுமாக நின்றார். செபமாலையின் கடைசி மணிவரை உருட்டி முடிந்து, பிரார்த்தனையும் முடிந்து, எல்லோரும் ஏறி ரயில் வெளிக்கிட இருபது நிமிடம் பிந்தியது.

பிந்தினால் காரணம் எழுதி அனுப்ப வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் பொய் எழுதமாட்டார். இங்கிலீசில் ஒரே சொல் எழுதினார்: 'பிளவர்.'

மூன்றாம் நாள் தலைமைக் கந்தோரிலிருந்து கடிதம். 'பிளவர் என்பவர் எந்த வகுப்பில் பயணம் செய்கிறார்? அவர் ரயிலைத் தாமதிப்பது இது முதல் தடவையா?'

ஸ்டேஷன் மாஸ்டர் பதில் எழுதினார்: 'பிளவர் பயணம் செய்வதில்லை. பிளாட்போமின் கிழக்கு முனையில் மரத்தில் இருக்கிறது.'

அதற்கு வந்த பதில் சுருக்கமாக இருந்தது. 'பிளவரை மரத்திலிருந்து உடனே இறக்கவும். இணங்காவிட்டால் பொலிசை அழைக்கவும்.'

அந்தக் கடிதத்தை வாசித்து அக்கா சிரித்த சிரிப்பில் குழந்தை பயந்து அழுதது. ஸ்டேஷன் மாஸ்டர் சிரிக்கவில்லை. இரண்டு நாள் அந்தக் கடிதத்தோடு வேம்பைச் சுற்றிச் சுற்றி நடந்தார். உத்தரவை மீறி அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் பூவைப் பறிக்கவும் அவரால் முடியவில்லை. கடைசியில் பூ தானாகவே வாடி விழும்வரை காத்திருந்துவிட்டு, 'பிளவர் இறங்கிவிட்டார்' என்று எழுதி அனுப்பினார். ஏறக்குறைய ஒரு மாதம் காத்திருந்தார். அந்தப் பூ அவ்வளவு நாள் நின்றது.

ஆவணியில் ஒரு துரை வந்தார். கட்டுக்கரைக் குளத்தில் அணைக்கட்டு வேலை பார்க்கும் இஞ்சினியர். போன வருடம் தீவில் கிணறு தோண்ட இடம் பார்க்கக் கூடாரம் போட்டிருந்தவராம். காய்ச்சல் வந்து மலைநாட்டுக்குப் போய், அங்கிருந்து லீவில் சீமைக்கும் போய், இப்போதுதான் திரும்பியிருக்கிறார். இந்தியாவில் இருந்த அவருடைய சிநேகிதர் ஒரு கூடை அனுப்பியிருந்தாராம். அது இங்கே இருக்கிறதா?

ஸ்டேஷன் மாஸ்டர் வெறும் கூடையை முதலில் நீட்டினார். பிறகு பதிவேட்டை. பிறகு அவரை வேம்புக்குக் கூட்டிப்போனார்.

துரை தொப்பியைக் கழற்றிவிட்டுச் செடியைப் பார்த்தார். வேரைத் தடவினார். பூத்துக் காய்ந்த குச்சியைத் தொட்டார். மண்ணில் நட வேண்டாம் என்று சிநேகிதர் சீட்டில் எழுதியதாகச் சொன்னாரே, அதைக் கவனித்து நடந்தீர்களா என்று கேட்டார். நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். நானா ஆகாயத்தைப் பார்த்தார்.

"யார் உங்களுக்கு இவ்வளவு நன்றாக வளர்க்கக் கற்றுத்தந்தது?" என்று துரை இங்கிலீசில் கேட்டார்.

"ரூல் புத்தகம், சேர்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

அக்காவுக்கு அவ்வளவு இங்கிலீசு விளங்கும். "இஞ்சேருங்கோ!" என்ற ஒரு சொல்லில் ஸ்டேஷன் மாஸ்டர் வியர்த்துவிட்டார். துரை ஒன்றையும் கவனிக்காமல் எந்த ரூல் என்று கேட்டு, குறித்துக்கொள்ளப் பென்சிலையும் எடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் ஸ்டேஷன் மாஸ்டர் கை நீட்டி, "சேர், என் மனைவி" என்றார். தன் வாழ்க்கையில் ரூல் புத்தகத்தை அவர் விட்டுக்கொடுத்தது அன்றைக்குத்தான்.

துரைக்குத் தமிழ் தெரியும். ஆனால் குளத்து வேலையாட்களுக்குக் கட்டளையிடப் பழகிய தமிழ். அக்காவின் முன்னால் நிமிர்ந்து நின்று, மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "அம்மா. நல்ல வேலை. போதும். நாளைக்கு வா."

அதன்பின் நிலைமையைச் சொன்னார். இதே மாதிரிச் செடி குளத்தடியில் தன் கூடாரத்துக்குப் பின்னாலுள்ள பாலை மரங்களில் கண்டபடி வளர்ந்து கிடக்கிறதாம். இந்தியச் செடியும் இந்த ஊர்ச் செடியும் ஒன்றா என்று பார்க்கத்தான் வரவழைத்தாராம். ஒன்றேதான். இங்கிலீசில் பெயர் 'வாண்டா', ஓர்கிட் சாதி.

நான் நானாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஓம் தம்பி" என்றார் நானா. "எங்கட சிலாவத்துறைக் காட்டில எவ்வளவோ இருக்கு. நாங்கள் மரவாழை எண்டு சொல்லுறது. ஆடு கட்டப் போற இடமெல்லாம் தொங்கும்."

"அப்ப ஏன் நானா வாயே திறக்கேல்லை?"

"கப்பலில வந்திருக்கு, சீட்டுக் கட்டியிருக்கு, சேர் பதிவெல்லாம் போடுறார். எங்கட ஊர் மரவாழைக்கு இவ்வளவு மரியாதை ஆர் குடுப்பினம்? இது அதின்ர பணக்காரச் சொந்தக்காரராக்கும் எண்டு நினைச்சன்."

துரைக்கு ஒரு துண்டு மட்டும் போதுமாம். பேனாக்கத்தியை எடுத்தார். அடியிலிருந்து பெயர்த்தால் வேரெல்லாம் அறும் என்று, மேலே மூன்று நல்ல வேர் இருக்கும் இடத்துக்குக் கீழாக, தண்டைக் குறுக்கே ஒரே வெட்டு.

"ஐயோ, கழுத்தை வெட்டிப்போட்டான்!" என்று அக்கா கத்தினா.

துரை பதறிப்போய்த் தனக்குத் தெரிந்த தமிழில் ஆறுதல் சொன்னார்: "விடு, விடு. அது வரும். ரெண்டு வரும்." வெட்டிய தலையை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு ரயிலேறிப் போனார். அக்கா மிஞ்சிய அடித்தண்டில் கரித்தூள் தடவினா. ஸ்டேஷன் மாஸ்டர் பதிவேட்டை மூடவும் முடியாமல் தொடரவும் முடியாமல் திண்டாடினார். தலை ஒப்படைக்கப்பட்டுவிட்டது, உடல் இன்னும் ஸ்டேஷனில் இருக்கிறது, அதற்குப் பத்தி இல்லை.

துரை சொன்னது சரிதான். மாரி மழைக்குப் பிறகு அடித்தண்டின் இரண்டு பக்கமும் இரண்டு முளை வந்தது. வேர் விட்டுக் கைநீளம் வளர ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. அந்நேரம் ஸ்டேஷன் மாஸ்டருக்கு மலைநாட்டுக்கு மாற்றம் வந்துவிட்டது. ஒரு முளையை அக்கா வேரோடு பிரித்துத் தேங்காய் மட்டையில் கட்டி, குழந்தையை ஒரு கையிலும் அதை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ரயிலேறினா. மற்றதை என்னிடம் விட்டுப்போனா. ரயில் நகரும்போது ஜன்னலால், "இராவில வேர் ஈரமாக் கிடக்க விடாதேயும் தம்பி!" என்று சொன்னது புகைக்குள்ளிருந்து வந்தது.

அதற்குப் பிறகு நான் எவ்வளவோ செடி வளர்த்துவிட்டேன். கேட்கிறவர்களுக்குச் சொல்லுவதெல்லாம் அந்த ஸ்டேஷனில் படித்ததுதான். மண் வேண்டாம். சொரசொரத்த மரமோ மட்டையோ போதும். ஆடாமல் கட்ட வேண்டும். காலையில் குளிப்பாட்டலாம், வேர் பச்சையானால் போதும் என்று அர்த்தம். வெயிலும் வேண்டும், அதற்கு மேலே கொஞ்சம் இலையும் வேண்டும். காற்றை மறிக்கக்கூடாது. கரும்பச்சையான இலை வெயில் காணாத இலை. மஞ்சளான இலை வெயில் கூடிய இலை. இரண்டுக்கும் நடுவில் ஓர் இளம்பச்சை இருக்கிறது, அந்த இலை வந்தால் பூ வரும். கழுதை இருந்தால் முள் வேலி. பெருநாளைக்கு ஆட்டெருக் கரைசலை நன்றாகத் தெளியவிட்டு நீராக்கி இரண்டு துளி தெளிக்கலாம். அதற்கு மேல் அன்பு காட்டினால் செத்துவிடும்.

மலைநாட்டிலிருந்து அக்கா கடிதம் போடுவா. 'தம்பி, இஞ்ச வெயில் பெரிய கந்தோர்த் துரைமாதிரி. பத்து மணிக்கு வந்து பன்னிரண்டுக்குப் போயிடும். மிச்சமெல்லாம் மழை. செடியைக் குசினிப் புகைக்கூண்டுக்குப் பக்கத்தில தூக்கியிருக்கிறன். இன்னும் பூக்கேல்லை. உம்மட பூத்ததோ?'

என்னுடையது அந்தக் கிழமைதான் பூத்திருந்தது. இரண்டு குச்சி. ஒன்பதும் ஏழுமாகப் பதினாறு பூ. கடிதத்தை வாசித்துவிட்டு வேம்படிக்குப் போனேன். அக்கா குசினிப் புகைக்குள் நின்று அண்ணாந்து வெறும் இலையைப் பார்க்கிற காட்சி என் கண்ணுக்கு முன்னால் வந்தது. 'இல்லை அக்கா. இங்கேயும் இலைதான்' என்று எழுதிப் போட்டுவிட்டேன். பதினாறு பூவும் பார்த்துக்கொண்டிருக்கவே எழுதினேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது, கனத்த உறை. அவவுடையது பூத்துவிட்டதாம். ஒரு குச்சி, ஐந்து பூ. 'உம்மட பூக்கேல்லை எண்டதில எனக்குச் சரியான கவலை. நான் சொல்லித்தந்த மாதிரி நீர் செய்யேல்லைப் போல' என்று தொடங்கி, கயிறு கட்டும் விதத்திலிருந்து கரித்தூள் அரிக்கும் விதம்வரை நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தா. நடுவில் ஒரு இடத்தில், சோம்பேறித்தனத்தைப் பற்றியும் இரண்டு வரி.

நாலு பக்கத்தையும் ஒழுங்காக வாசித்தேன். பிறகு எட்டு நாள் பொறுத்திருந்து, 'அக்கா, நீங்கள் எழுதினபடியே செய்தேன். எட்டு நாளில் பூத்துவிட்டது. நாலு பூ' என்று எழுதி அனுப்பினேன்.